மருத மரத்துக்குள் நின்ற சத்தம்

கேளுங்கள், ஆற்றுக்குக் கரையாக மரங்களையே நம்பியிருந்த காலத்துக் கதை இது.

வெண்கோடன் என்ற அரசனின் நாட்டில், மூன்று மருத மரங்கள் ஆற்றங்கரையை வேரால் இறுக்கிப் பிடித்திருந்தன. பின்னால் ஓடக்காரர்களின் குடிசைகள். மரங்களுக்குக் காவல் மாசிலா. அவள் குடிசையும் அங்கேதான்.

ஒரு கோடையில் முதல் மரத்திலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. அண்ணாந்து பார்த்தாள். நீளவால் குளவி ஒன்று மயிரிழை போன்ற ஊசியைப் பட்டைக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. மரத்தை அரிக்கும் திருடனைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல அரண்மனைக்கு ஓடினாள். புகை போட்டு விரட்டச் சொல்லி உத்தரவானது.

புகை போட்டாள். குளவி போனது, மரமும் பட்டுப்போனது. அடுத்த கோடையில் இரண்டாம் மரம். புகை போட்டாள். குளவி போனது, மரமும் பட்டுப்போனது.

அதற்கடுத்த கோடையில் மூன்றாம் மரத்தில் தூள் உதிர்ந்தது. புகைக்கு விறகு வேண்டி, பட்ட மரத்தின் கிளையொன்றைப் பிளந்தாள். உள்ளே வளை வளையாகக் கொழுத்த புழுக்கள். ஒரு வளையில் மட்டும் புழு சுருங்கிக் கிடந்தது. அதன்மேல் ஒட்டி, அதையே தின்றுகொண்டிருந்தது ஒரு குளவிக் குஞ்சு.

அவள் கோடரியைக் கீழே வைத்தாள். குளவி குத்தியது மரத்தை அல்ல, மரத்தைத் தின்னும் இந்தப் புழுவை.

மூன்றாம் மரமும் போனால் கரை போகும். கரை போனால் குடிசைகள் போகும். மறுபடி அரண்மனைக்குப் போய், புகை வேண்டாம் என்றாள். அதிகாரி காரியன் சிரித்தான்.

"கண்ணால் பார்த்தேன் என்று அன்று சொன்னாயே, இப்போது கண் மாறிவிட்டதா அம்மா?"

"பார்த்தது நிஜந்தான் ஐயா. எதுக்குக் குத்துதுன்னு நான்தான் யோசிக்கல. ரெண்டு மரத்தைப் புழு பாதி கொன்னுச்சு, நான் பாதி கொன்னேன்."

இதைக் கேட்டு அரசனே புறப்பட்டு வந்தான்; புகை போடத் தீப்பந்தத்தோடு ஆட்களும் பின்னால் வந்தார்கள். பட்டையில் காதை வைக்கச் சொன்னாள். வைத்தான். கறுக், கறுக் என்று உள்ளே ஏதோ மென்றது.

குளவி வந்தது. உணர்கொம்பால் பட்டையில் ஒரு தட்டு. இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டு. பிறகு ஊசியை இறக்கியது. அரசன் மூச்சுவிடாமல் கேட்டான்.

கறுக். கறு...

அப்புறம் சத்தமே இல்லை.

"நெருப்பை அணையுங்கள்," என்றான் மெல்ல.

அந்த ஐப்பசி வெள்ளத்தில் ஒற்றை மரம் கரையைத் தாங்கியது. பட்ட மரங்களின் இடத்தில் மாசிலா இரண்டு விதைகளை ஊன்றினாள். அவை முளைத்தன, வந்த குளவிகளை யாரும் விரட்டவில்லை.

காயத்தின் அருகே நிற்பவரெல்லாம் காயப்படுத்தியவர் அல்லர் என்று தெரிந்த அன்றே தன் தவறை வாய்விட்டுச் சொல்பவர், மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றுவார்.