ஏரிக்கரைச் சேற்றில் பதிந்த கால்

மூங்கில் காட்டு ஏரியும் அதைச் சுற்றிய நிலமும் ஒரு காட்டுப்பன்றிக்குச் சொந்தம். அதன் பாட்டன் அடித்துப் பிடுங்கிய நிலம் அது. பேரனை எல்லா மிருகங்களும் 'எசமான்' என்றே அழைத்தன. அது அருகில் இல்லாதபோதுகூட வேறு பேர் சொல்ல எதற்கும் துணிவு வரவில்லை.

அந்த ஏரிக்கரையில் ஒரு வெள்ளெலி வளை தோண்டிக் குடியிருந்தது. உள்ளே கண் திறக்காத நான்கு குட்டிகள்.

அந்த ஆண்டு, ஏரிக்கும் கரைக்கும் சட்டம் போடுகிற ஏரி போர்டுக்குத் தலைவர் தேர்தல் வந்தது. பன்றியும் நின்றது, ஆமையும் நின்றது.

"நான் வந்தால், குடியிருக்கும் வளையை யாரும் தோண்டக் கூடாது என்று சட்டம் போடுவேன்!" என்றது ஆமை.

"முதுகிலேயே வீடு கட்டிக்கொண்டவனுக்கு அடுத்தவன் வீட்டைப் பற்றி என்னடா கவலை?" என்று சிரித்தது பன்றி.

எலி ஆமையின் காதருகே போய், "என் காலடி உனக்குத்தான், அண்ணே!" என்று கிசுகிசுத்தது. முயலும் எறும்புதின்னியும் அதையே சொல்லிப் போயின.

அந்தக் காட்டில் காலடிதான் வாக்கு. தேர்தலில் நிற்பவருக்கு ஆளுக்கொரு சேற்றுத் திட்டு. பிடித்தவர் திட்டில் ஒரு முறை காலைப் பதிக்க வேண்டும்.

தேர்தலன்று விடிந்ததும் பன்றி வந்து திட்டுகளுக்கு எதிரே நின்றது. யாரையும் மிரட்டவில்லை. மரத்தில் கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தது. கர்ர்... கர்ர்...

"முதலில் எலியா? வா புள்ள! குட்டிகள் சுகமா? நாலுதானே?"

குட்டிகளின் கணக்கை எலி யாருக்குமே சொன்னதில்லை.

எலி ஆமையின் சேற்றுக்கு மேல் காலைத் தூக்கியது. பல் தீட்டும் சத்தம் நின்றது.

கால் அந்தரத்திலேயே நின்றது. வரிசையில் நின்ற அத்தனை கண்களும் அந்தச் சிறு காலையே பார்த்தன. எலி சட்டென்று திரும்பிப் பன்றியின் சேற்றில் மிதித்துவிட்டு ஓடியது. அடுத்து முயல் அங்கேயே மிதித்தது. எறும்புதின்னியும் மிதித்தது. மற்றவையும் அப்படியே.

ஆமையின் சேற்றில் ஒரே ஒரு தடம் இருந்தது. அது ஆமையுடையது.

மறுநாள் எலியின் வளை அதிர்ந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு பன்றியின் மூக்கு உள்ளே வந்தது! வளைக்கு அடியில் கோரைக்கிழங்கு கொழுத்துக் கிடந்தது.

"எசமான்! நான் உங்களுக்குத்தானே மிதித்தேன்! என் தடம் அங்கே இருக்கிறதே!"

"பார்த்தேன், புள்ள. அதனால்தான் உன் வளையில் ஆரம்பிக்கிறேன். எதிர்க்கத் தெரியாதவள் வீடுதானே தோண்டுவதற்கு லேசு?"

கரை சரிந்தது. எலி வாய்க்கு அகப்பட்ட ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தது. திரும்பிப் பார்த்தபோது வளை இல்லை.

முயலும் எறும்புதின்னியும் புதருக்குள் மூச்சடக்கிப் பதுங்கியிருந்தன. பன்றி மண்ணை உதறிவிட்டு, மெதுவாக அவற்றின் வளைப்பக்கம் நடந்தது.

மிரட்டுகிறவன், பயந்து பணிகிறவனை ஒருநாளும் விட்டுவைப்பதில்லை. பணிந்தவன் வீட்டில்தான் முதலில் கைவைக்கிறான்.