வெள்ளிங்கிரியின் லேசுத் தட்டுகள்

பொள்ளாச்சியில் திலகமணியின் ஷெட்டுக்கு எஞ்சின் வேலை கற்றுக்கொள்ள வந்த வெள்ளிங்கிரி, அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். லாரி ஓட்டி முதுகு போனபின் வந்தவர். அவளை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். கேலியா, மரியாதையா என்று அவளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மட்டும் "அம்மிணி" ஆகிவிடும்.

தன் சொந்த ஜீப்பின் எஞ்சினை முதல்முறையாகத் தன் கையாலேயே பிரித்துக் கட்டியிருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. போன தீபாவளிக்கு வந்திருந்த மகள் சிவரஞ்சனியை வால்பாறைக்குத் திரும்பக் கொண்டுவிடும்போது, அந்த ஜீப் நடு வளைவில் இழுக்க மாட்டாமல் நின்றுபோனது. பின்னால் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடிக்க, அவள் அழுதேவிட்டாள்.

"சத்தியமா இனி உங்க வண்டியில ஏற மாட்டேம்ப்பா."

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை தாய்வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். வாடகைக் கார் பேசியாகிவிட்டது என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அன்று வெள்ளிங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தார். உள்ளே எட்டுச் சின்னத் தட்டுகள். வால்வு ஸ்பிரிங்கின் தலையில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும் தட்டுகள். ரேஸ் வண்டிக்குப் போடுகிறவை. வழக்கமாகப் போடும் இரும்புத் தட்டில் பாதி எடைகூட இல்லை.

"குருவே, எஞ்சினை மறுபடி திறக்கட்டுமா? இதை மாட்டுனா வண்டி பறக்குமுங்."

"எங்க பறக்கப் போறீங்?"

"அட, வேகமாச் சுத்தறப்போ கனமான வால்வு நேரத்துக்கு மூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேன். எத்தனை வேகத்துல?"

"ரொம்ப வேகத்துல."

"உங்க வண்டி அத்தனை வேகத்துல சுத்துமா?"

"லேசா இருந்தா நல்லதுதானே அம்மிணி! அதுல என்ன கெடுதல்?"

அம்மிணி வந்துவிட்டது. திலகமணி ஒரு தட்டை எடுத்து விரலால் சுண்டிப் பார்த்தாள். திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு சிவப்பு டேப்பைக் கிழித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்ட அவர் ஆசை ஆசையாக மாட்டியிருந்த ஆர்.பி.எம். மீட்டரில், நாலாயிரத்துக்கு மேல் உள்ள எண்களையெல்லாம் மறைத்து ஒட்டினாள்.

"இப்ப இருக்கற இரும்புத் தட்டோடவே வால்பாறை போயிட்டு வாங்ண்ணா. பக்கத்துல புள்ள உக்காந்திருக்கான்னு நெனச்சு ஓட்டுங். டேப்பு மறைச்ச வேகத்துலதான் லேசுத் தட்டுக்கு வேலை. முள்ளு ஒரு தடவ டேப்புக்குள்ள போனாலும் சொல்லுங், நானே திறந்து மாட்டித் தர்றேன்."

"நல்ல எகத்தாளமா இருக்குது," என்று முனகிக்கொண்டே கிளம்பினார். ஆழியாறு தாண்டும்வரை அந்த முனகல் தீரவில்லை.

மேலே வால்பாறையில் மகள் வாசலுக்கு வந்தாள். நின்ற ஜீப்பில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

"எங்கயாச்சும் நின்னுச்சாப்பா?"

"இல்ல கண்ணு."

"திணறுச்சா?"

"அதுவும் இல்ல."

அவள் உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

"அப்ப இன்னிக்கே போலாம். ஆனா வழியில நின்னுச்சு, ஆயுசுக்கும் ஏற மாட்டேன்."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். வெள்ளிங்கிரி எஞ்சின் மூடியைத் தூக்கி இன்னொரு முறை பார்த்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மெதுவாக இறங்கினார். ஒரு வளைவில் எதிரே ஏறி வந்த பஸ்ஸுக்கு வழிவிட, ஜீப்பை ரிவர்ஸில் மேட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. குலசாமியைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மிதித்தார். ஒரு உறுமல். ஏறிவிட்டது.

மலை இறங்கி நேரே ஷெட்டுக்கு வந்தார். குதித்து இறங்கினார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பாடா! குருவே, ஒரு எடத்துலயும் திணறல! முள்ளு அந்த டேப்பைத் தொடவே இல்ல! என்ற புள்ளையக் கூட்டிட்டே வந்துட்டனுங்!"

கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மனுஷ மனசு இருக்கிறதே, சும்மா இருக்குமா? பார்வை டப்பாவின் பக்கம் போனது.

"ஏனுங் குருவே, இரும்புக்கே இப்படின்னா, அந்த லேசுத் தட்டை மாட்டுனா இன்னும் எப்படி இருக்கும்!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

திலகமணி ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் அந்த ரோட்டில் வந்தாலே வாந்தி எடுக்கிற சிவரஞ்சனி, சீட்டில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து கிடந்தாள்.

"மெல்லப் பேசுங்ண்ணா," என்றாள் திலகமணி. "புள்ள தூங்கறா."