சுவர்க்கோழியைப் பூட்டி வைத்த மூவர்

பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியபோது, ஆய்வுக்கூடத்தை ஒட்டிய சாமான் அறையிலிருந்து 'கிரீச்… கிரீச்…' என்று ஒரு சத்தம் வந்தது. மரிய புஷ்பத்தின் கை தானாகவே கழுத்துச் சிலுவைக்குப் போனது.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில், கோடை விடுமுறைக்குப் பட்டப்படிப்புப் பிள்ளைகளை வரவழைத்து உயிரியல் ஆராய்ச்சி சொல்லித் தருகிறார்கள். புஷ்பம், நூர்ஜமீலா, தவசி மூவரும் அதற்குத் தேர்வாகி வந்தவர்கள். எப்படித் தேர்வானார்கள் என்பதை மட்டும் யாரும் ஆராயவில்லை.

இவர்களுக்கு வாய்த்தது சுவர்க்கோழி. ராத்திரியில் மூலையில் ஒளிந்துகொண்டு உயிரை வாங்குமே, அந்தப் பூச்சிதான். வளர்த்ததெல்லாம் செத்து, மிஞ்சியது ஒன்றே ஒன்று. விடிந்தால் இவர்கள் வேலையை மதிப்பிட ஒரு குழு வருகிறது. குழுவின் காதில் விழும்படி அது கத்தினால் சான்றிதழ் உண்டு. சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பினால், டயர் கடை அத்தை மகனுக்குப் புஷ்பம் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அப்பா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவர்களுடைய பாக்கியலட்சுமி மேடம் இரண்டு விஷயம் சொல்லித் தந்திருந்தார். ஒரு செடிக்கு உரம் போட்டால், உரம் போடாத செடி ஒன்றையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். எது நடந்தாலும் ஒரு தடவையோடு நம்பக் கூடாது. மூன்று தடவை செய்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். மற்ற இருவரும் குளிக்கிறார்களே என்று, வந்த நாளிலிருந்து தவசி குளிக்கவில்லை.

"ஏட்டி, பேயா இருக்குமோ?" என்றாள் ஜமீலா.

"போய்ப் பாத்தாத் தெரிஞ்சிரும். நீங்க ரெண்டு பேரும் சத்தம் வர்ற இடத்துக்குப் போங்க. நான் சத்தம் வராத இடத்துக்குப் போறேன்" என்று தவசி மொட்டை மாடிக்கு ஏறினான். இறங்கி வந்து, "அங்க ஒண்ணுமில்ல" என்றான். மூவருக்கும் பெரிய நிம்மதி.

புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு சாமான் அறை வாசலில் நின்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். சத்தம் நின்றது.

"பாத்தியா!"

"இரு புள்ள. கண்ட்ரோல்?" என்று தவசி, சத்தம் மறுபடி கிளம்பியதும், அதே இடத்தில் போய், ஒரு ஜெபமும் சொல்லாமல் நின்றான். அப்போதும் சத்தம் நின்றது.

"ஜெபம் சொல்லாததும் பலிக்குது" என்றான், மிகுந்த மரியாதையோடு. புஷ்பத்துக்கு அழுகை முட்டியது.

விளக்கைப் போட்ட பிறகுதான் பார்த்தார்கள். மேசையில் சுவர்க்கோழியை அடைத்து வைத்திருந்த கண்ணாடி ஜாடி காலி. மூடி தனியாகக் கிடந்தது.

"யாருட்டி திறந்தா?"

"நான்தான்" என்றாள் ஜமீலா. "இத்தன நாளும் மூடியே வச்சிருந்தோம். அதுக்கு ஒரு கண்ட்ரோல் வேண்டாமா?"

பேய்ப் பயம் போய், டயர் கடைப் பயம் வந்தது புஷ்பத்துக்கு. சாமான் அறையில் தவழ்ந்து, துடைப்பத்துக்குப் பின்னால் இருந்த சுவர்க்கோழியை ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தே விட்டாள். பக்கத்தில் இன்னொரு டம்ளரை வெறுந்தரையில் கவிழ்த்தான் தவசி. இரண்டையும் ஒரே அக்கறையோடு காவல் காத்தார்கள்.

"பிடிச்சாச்சுல்லா? போவோமா?" என்றாள் புஷ்பம்.

"ஒரு தடவதான பிடிச்சிருக்கோம்" என்றாள் ஜமீலா.

நியாயம்தானே. திறந்து விட்டார்கள். இரண்டாம் தடவையும் பிடித்தார்கள். மூன்றாம் தடவை பிடிப்பதற்காகத் திறந்து விட்டபோது, அது ஒரே தாவாகத் தாவி, வாசலைத் தாண்டி, முற்றத்து இருட்டில் மறைந்தது. கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்தடியில் ஆனந்தமாகக் கத்தத் தொடங்கியது.

புஷ்பம் மேடத்துக்கு போன் போட்டாள். "மேடம், பூச்சி வெளிய இருக்கு."

மேடம் பஸ்ஸில் இருந்தார். ஹாரன் சத்தத்துக்கு நடுவில், "தப்பிச்சுப் போக ஒரு இடம் இல்லாம அடைங்க!" என்று அலறினார். லைன் அறுந்தது.

மூவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"அது இப்ப எங்க இருக்கு?" என்றான் தவசி.

"வெளிய."

"வெளியேருந்து தப்பிச்சா எங்க போவும்?"

ஜமீலா அறையைச் சுற்றிலும் பார்த்தாள். "இங்கதான். வேற எங்க போவ முடியும்?"

"காலையில குழு?" என்றாள் புஷ்பம்.

"அவங்களும் வெளியதான புள்ள வருவாங்க. நல்லாக் கேக்கும்" என்றான் தவசி.

புஷ்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னல்களைச் சாத்தினாள். கதவிடுக்கில் தன் துப்பட்டாவைச் சுருட்டி அடைத்தாள். இனி அந்தப் பூச்சி எந்த வழியாகத் தப்பிக்கும் என்று பார்த்துவிடலாம் என்று, உள்ளிருந்து தாழ்ப்பாளை அழுத்திப் போட்டாள்.