குளம்பு முத்திரை குத்திய கோடு

நொச்சியாற்றங்கரைக் காட்டில் ஒரு நீர்நாய் வெள்ளக்கோடு வரைந்து முடித்திருந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் கோடு அது. காட்டின் நடுவே இருந்த பலகைப் பாறையில் ஆறு, மரங்கள், வளைகள் எல்லாவற்றையும் கரியால் வரைந்து, குறுக்கே செம்மண்ணைக் குழைத்துக் கோட்டை இழுத்திருந்தது.

பழைய கோடு பாட்டன் காலத்தது. அதற்குப் பிறகு ஆறு இரண்டு முறை தடம் மாறிவிட்டது. அதனால் நீர்நாய் மூன்று மாதம் அலைந்தது. மருத மரங்களில் படிந்த சேற்றைப் பார்த்தது. போன வெள்ளத்தில் கிளைகளில் சிக்கிய சருகு எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று அளந்தது. மீன்கூட ஒழுங்காகத் தின்னவில்லை. பாவம், உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துவிட்டது!

கோட்டுக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது, மழைக்கு முன்பே மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது காட்டுச் சட்டம். ஆனால் கோடு செல்லுபடியாக வேண்டுமென்றால் சபையில் ஆட்சேபணை கேட்க வேண்டும். பிறகு தலைவர் காட்டெருமை தன் குளம்பைச் சேற்றில் தோய்த்துப் பாறையில் முத்திரை குத்த வேண்டும். இதுவும் காட்டுச் சட்டம்தான். இந்த இரண்டாவது சட்டத்தின் மேல் எல்லோருக்கும் கொஞ்சம் பிரியம் அதிகம்.

சபை கூடியது. காரியதரிசி கொக்கு ஒற்றைக் காலில் நின்று தொண்டையைச் செருமியது.

"ஆட்சேபணை உள்ளவங்க வரிசையா வரலாம்!"

வரிசையாவது ஒன்றாவது! முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

"என் வீட்டைக் கோட்டுக்குள்ள போட்டுட்டாங்களே, தலைவரே!" என்றது காட்டுப்பன்றி. "தை பிறந்தா பொண்ணுக்குச் சம்பந்தம் பேசணும். வெள்ளம் வர்ற வீடுன்னு எழுதிட்டா எவன் பொண்ணு எடுப்பான்?"

"நியாயம்தானே!" என்றது காட்டெருமை.

கொக்கு கண்ணைக் காட்டியது. அணில் வாலை நனைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் கோட்டை அழித்தது. புதுக் கோடு பன்றியின் வீட்டுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போனது.

"போன வெள்ளத்துல உங்க வீட்டுக்கு மேல நீந்தி நான் மீன் பிடிச்சேனே, மாமா!" என்று கத்தியது நீர்நாய்.

"அது போன வெள்ளம். ஊரோட ஒத்துப் போகவே மாட்டியா நீ?" என்றது பன்றி.

"அளக்கிறது உன் வேலை. முடிவு பண்றது எங்க வேலை," என்று கொக்கும் சேர்ந்துகொண்டது.

அடுத்து மயில் வந்தது. "நான் ஆடுற இடத்துல வெள்ளம் வரும்னு எழுதினா, யாரு வந்து பார்ப்பாங்க?" என்றது. ஏற்கப்பட்டது. நரி காரணமே சொல்லவில்லை. தலைவரின் காதில் ஏதோ முணுமுணுத்தது. அதுவும் ஏற்கப்பட்டது. கடைசியில், "கையோட கையா என் சேத்துக்குழியையும் வெளியே எடுத்துடு," என்றது காட்டெருமை. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும் குழி அது!

மாலைக்குள் கோட்டுக்குள் மிஞ்சியது ஆமை ஒன்றுதான். "நான் எப்பவும் தண்ணியிலதான் இருக்கேன். எழுதிக்கோங்க," என்றது அது. ஆக, நொச்சியாற்றில் வெள்ளம் வந்தால் ஆமைக்கு மட்டும்தான் ஆபத்து என்று சபை ஏகமனதாக முடிவு செய்தது. முத்திரை விழுந்தது. ஒரே ஆரவாரம்!

அந்த நேரத்தில் மேட்டில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக்கொண்டிருந்தது. நிறைமாதச் சூலி. அதன் பழைய வளை ஆற்றோர மருத மரத்தடியில் இருந்தது. நீர்நாய் போட்ட கோட்டுக்குள் அந்த மரம் வந்ததால், குட்டி போடுவதற்குள் மேட்டுக்கு வந்துவிட நினைத்தது. மேடு முழுக்கக் கல். நகம் தேய்ந்து ரத்தம் கசிந்தது.

அணில் ஓடி வந்தது. "எதுக்குக்கா இந்தப் பாடு? உங்க பழைய வளை கோட்டுக்கு வெளியே வந்துடுச்சு!"

"நிஜமாவா?"

"முத்திரையே குத்தியாச்சு!"

அணில் பொய் சொல்லவில்லை. பன்றி வீட்டுக்காகக் கோட்டை ஒதுக்கியபோது பக்கத்தில் இருந்த மருத மரமும் சேர்ந்து வெளியே போயிருந்தது. முள்ளம்பன்றி சந்தோஷமாகக் கீழே இறங்கியது. நீர்நாய் வழியில் மறித்தது.

"போகாதீங்கக்கா! அது நான் போட்ட கோடு இல்ல. அந்த மரத்துல சருகு உங்க தலைக்கு மேல ஆறு முழத்துல தொங்குது!"

"சபை கூடி, தலைவரே குளம்பு வெச்சிருக்காரு. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுமா, தம்பி?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

நீர்நாயை விலக்கிக்கொண்டு அது மருத மரத்தடிக்கு இறங்கிப் போனது.

ஐப்பசியில் இரண்டு குட்டிகள் பிறந்தன. முள் இன்னும் இறுகாத, பஞ்சு போன்ற குட்டிகள். கார்த்திகை முதல் வாரம், உச்சிவெயில் அடிக்க வேண்டிய நேரத்தில், மலையில் கொட்டிய மழையோடு ஆறு வந்தது. பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்க்கவில்லை. பன்றி வீடு போனது. பலகைப் பாறையே முங்கியது. பன்றியும் நரியும் காட்டெருமையும் மேட்டுக்கு ஓடின. மயிலும் கொக்கும் பறந்துவிட்டன.

முள்ளம்பன்றி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டுபோய் மேட்டில் போட்டுவிட்டுத் திரும்பியது. வளை இருந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. நீர்நாய் நாலு முறை மூழ்கித் தேடியது. நாலாவது முறை இன்னொரு குட்டி கிடைத்தது. உயிர் இல்லை.

மறுநாளே தண்ணீர் வடிந்தது. சபையும் கூடிவிட்டது! பாறையில் கோடும் இல்லை, முத்திரையும் இல்லை. கொக்கு தீர்மானம் வாசித்தது.

"அங்கீகரிக்கப்பட்ட கோட்டை மீறி வந்த ஆற்றை இந்தச் சபை வன்மையாகக் கண்டிக்கிறது!"

"நாம சரியாத்தான் கோடு போட்டோம். வெள்ளம்தான் தப்பா வந்துடுச்சு," என்றது காட்டெருமை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முள்ளம்பன்றி வந்தது. இறந்த குட்டியைப் பாறை மேல் கிடத்தியது.

"இவனை எந்தப் பக்கம் வைக்கணும், தலைவரே? கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?"

காட்டெருமை தன் குளம்பைக் குனிந்து பார்த்தது. பன்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கொக்கு மட்டும் காலை மாற்றி நின்றுகொண்டு சொன்னது: "ஆட்சேபணைக் காலம் முடிஞ்சுபோச்சேம்மா!"

கோட்டைத் தன் வசதிக்கு வளைத்தவன் மேட்டுக்கு ஓடிப் பிழைத்துக்கொள்வான். அதை நம்பியவளின் பிள்ளையைத்தான் வெள்ளம் கொண்டுபோகும்.