முழங்கால் பலகை

“காலைத் தூக்குங்க அண்ணாச்சி” என்றார் தொபியாஸ் சாமி.

தேவாலயப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இஞ்ஞாசி காலைத் தூக்கிக்கொண்டார். சாமி குனிந்து அந்த இடத்தைத் தகரத் துண்டால் சுரண்டினார். புறா எச்சம் காய்ந்து சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது. சாமி உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத்தொட்டி, அதன் கதவு, வெளியே ஆட்கள் முழங்கால் போட்டுத் தங்கள் பாவங்களைச் சொல்லும் பலகை, எல்லாவற்றிலும் எச்சம்.

“வலை அடிக்கச் சொல்லி எத்தனை தடவ சொன்னேன்” என்றார் இஞ்ஞாசி.

“அடிச்சாச்சு. இப்ப வலைக்குள்ள கூடு கட்டியிருக்கு.”

“கூட்டிப் பெருக்குற கோயில்பிள்ளை எங்க?”

“போன வாரம் இதைச் சுரண்டிட்டு இடுப்பப் பிடிச்சிக்கிட்டுப் போனவருதான்.”

இஞ்ஞாசி சிரிக்கவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். சாமியைவிட இருபது வயது மூத்தவர். நான்கு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தப் பலகையில் முழங்கால் போட்டவர்.

“நான் பாவசங்கீர்த்தனத்துக்கு வரல சாமி. இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போக வந்தேன்.”

“சரி.”

“ஏன்னு கேக்க மாட்டீங்களா?”

“கை வேலையா இருக்கு. நீங்க சொல்லுங்க, கேக்கேன்.”

“நாலு வருசமா ஒரே பாவம். உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.”

“தொட்டிக்கு வெளிய எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.”

“அப்ப வெளிய வச்சே சொல்லுதேன். பக்கவாதம் வந்து கெடக்குற பொஞ்சாதிய ஏசுதேன். பிரகாசி படுக்கைய நனைக்கும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசுதேன். சனிக்கிழமை இங்க வந்து அழுதேன்னா திங்கக்கிழமை மறுபடி ஏசுதேன். முப்பது வருசம் பஸ்ல, சில்லறைக்குச் சட்டையைப் பிடிச்சவன்கிட்டகூடக் குரல ஒசத்துனதில்ல சாமி.”

சாமி சுரண்டிக்கொண்டிருந்தார்.

“நேத்து ஏசல. மத்தியானம் நனைச்சிருந்தா. மாத்துறதுக்கு விரிப்பைக் கையில எடுத்தேன். திரும்ப வச்சிட்டேன். எப்படியும் மறுபடி நனைக்கத்தான போற, என்னத்துக்கு மாத்தணும்னு கேட்டேன். பொழுது சாயுற வரைக்கும் ஈரத்துலயே போட்டிருந்தேன். பக்கத்துல நாற்காலியப் போட்டு பேப்பர் படிச்சேன்.”

தகரத்தின் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவளுக்குத்தான் பேச்சே இல்லையே. சுவத்தைப் பாத்துட்டுக் கெடந்தா.”

“பொறவு?”

“பொறவு என்ன? மாத்துனேன். குனிஞ்சு விரிப்பை இழுக்கும்போது, விளங்குற கையைத் தூக்கி என் சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டா. நான் டியூட்டிக்குக் கெளம்பும்போது தினம் செய்வா.”

இஞ்ஞாசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்குக் காலையில இருந்து மூணு தடவ மாத்திட்டேன். போனதும் மாத்தணும். இங்க முழங்கால் போட்டு என்ன ஆகப்போகுது? நீங்க மன்னிப்புக் குடுப்பீங்க. எப்படியும் மறுபடி விழத்தான போறேன். என்னத்துக்கு வரணும்?”

சாமி முட்டியில் கையூன்றி எழுந்தார். எழுவதற்கு நேரம் ஆயிற்று. வாளியிலிருந்த துணியைப் பிழிந்து பலகையைத் துடைத்தார். மேலே வலைக்குள் ஒரு புறா இடம் மாறி உட்கார்ந்தது.

“இதே கேள்வியத்தான் நேத்து அவங்ககிட்ட கேட்டீங்க” என்றார். “அவங்க கையாலேயே பதில் சொன்ன பொறவு நான் என்ன சொல்ல அண்ணாச்சி?”

வாளியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். தொட்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

இஞ்ஞாசி வெகுநேரம் பெஞ்சிலேயே இருந்தார். வெளியே பஸ் ஒன்று நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று.

பிறகு எழுந்து பலகை அருகே போனார். அது ஈரமாக இருந்தது. தோள்துண்டை எடுத்து, மூலைகூட விடாமல், ஈரம் போக ஒற்றி எடுத்தார்.