எழுநூறு கிலோ ஸ்ட்ரைக்கர்

எங்க கிளப்போட ஸ்டார் ஸ்ட்ரைக்கர் ரெஜினால்டு கோல் போடறதை விட பீலா விடறது ஜாஸ்தி. ஒருநாள் உதையோட பலத்தை அளக்குற பலகை ஒண்ணு வந்துச்சு. முதல்ல ரெஜினால்டு அதுல ஒரு பட்டனைத் தட்டிட்டு ஓங்கி உதைச்சான். ஆயிரத்து நானூறுன்னு காட்டுச்சு. திரும்ப பட்டனைத் தட்டிட்டு, புது டிஃபெண்டர் துளசிங்கத்தை உதைக்கச் சொன்னான். வெறும் நூத்தி அம்பது.

"இந்த நோஞ்சானுக்கு எதுக்கு சார் கான்ட்ராக்ட்?"ன்னான் ரெஜினால்டு.

கையெழுத்துப் போட வந்த முதலாளி பேனாவை மூடிட்டாரு.

துளசிங்கம் பணிவா கேட்டான், "அண்ணே, பட்டனை உங்க உதைக்கு வச்ச மாதிரியே வச்சிட்டு, பலகையைப் படுக்கப் போட்டு சும்மா ஏறி நில்லுங்களேன்."

முதலாளி எதிர்ல மாட்டேன்னு சொல்ல முடியுமா? ஏறுனான். எழுநூறுன்னு காட்டுச்சு.

"சார், அடுத்த மேட்சுக்கு அண்ணனை ஏத்திட்டுப் போக லாரி சொல்லிடுங்க."

முதலாளி குனிஞ்சு பாத்தாரு. பலகை கிலோவுல இல்ல, நியூட்டன்ல இருந்துச்சு; அதை மாத்துறதுதான் அந்தப் பட்டன். ஒரு கிலோன்னா கிட்டத்தட்ட பத்து நியூட்டன். அப்ப ரெஜினால்டோட உதை நூத்தி நாப்பது கிலோதான், கிலோவுலயே அளந்த துளசிங்கத்தோடது நூத்தி அம்பது.

கையெழுத்து விழுந்துச்சு. துளசிங்கத்துக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

ரெஜினால்டு இன்னும் பலகை மேலயே நின்னுட்டிருந்தான்.

"எறங்குப்பா," ன்னாரு முதலாளி. "எழுநூறு கிலோவைத் தாங்குற பலகை நான் வாங்கல."