தலைக்கு மேல் கும்பிடு

நொய்யல் கரையில் ஓர் ஊர். அங்கே வேலாத்தாள் என்றொரு குரு இருந்தார். வைத்தியமும் பார்ப்பார், ஞானமும் சொல்வார். இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க அவருக்குத் தெரியாது.

அவருடைய சீடர் நாச்சிமுத்து. பாரவண்டி ஓட்டி ஓய்ந்த மனிதர், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குருவை "ஆத்தா" என்பார். குரு அவரை "அண்ணா" என்பார். ஊர் சிரிக்கும். இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

காலையில் குருவைப் பார்த்ததும் நாச்சிமுத்து இரு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிடுவார்.

"கூரை பொத்துக்கப் போகுதுங்ணா" என்பார் வேலாத்தாள்.

அந்த மார்கழியில் வீடுகளில் எலிகள் செத்து விழுந்தன. வேலாத்தாள் ஒரு எலியைப் பார்த்தார், ஊரைக் கூட்டினார்.

"கொள்ளை நோய் வந்திருச்சு. எலி செத்தா அது மேல இருக்கற தெள்ளுப்பூச்சி நம்மளத் தேடி வரும். ஆத்துக்கு அக்கரையில காட்டுல குடிசை போட்டுக்குங்க. நான் சொல்ற வரைக்கும் எதுக்காகவும் ஒருத்தரும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது."

நாச்சிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை.

"பயந்து ஓடறது நமக்கு அழகுங்களா ஆத்தா?"

"அழகு பாக்கற நேரமாங்ணா? கூடையைத் தூக்குங்க."

காட்டில் பனி கொட்டியது. அவசரத்தில் வேலாத்தாள் தன் கம்பளியை வீட்டுப் பரணிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். விடியற்காலையில் அவர் பல் கிட்டிக்க உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நாச்சிமுத்துவுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு மத்தியானம் யாரும் பார்க்காத நேரமாக ஆற்றைக் கடந்தார். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார்.

"அங்கயே நில்லுங்க!"

அப்படியொரு குரலை அவர் வேலாத்தாளிடம் கேட்டதே இல்லை.

"உங்களுக்குத்தானுங்க ஆத்தா..."

"தெரியுதுங்ணா. கிட்ட வராதீங்க."

கம்பளி எரிந்தது, அவர் கட்டியிருந்த வேட்டியும் எரிந்தது. வேறு வேட்டி ஒரு குச்சி முனையில் வந்தது. காட்டுக் கடைசியில் தனிக் குடிசை. கிழவர் பிள்ளை மாதிரி தேம்பினார்.

"கோபமுங்களா ஆத்தா?"

"கோபமில்லீங்ணா. எனக்குக் கம்பளி வேண்டாம். நீங்க வேணும்."

அதன்பின் தினமும் காலையில் வேலாத்தாள் பத்தடி தள்ளி நின்று கேட்பார்.

"காய்ச்சல் அடிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"அக்குள்ல, தொடை இடுக்குல நெறி கட்டியிருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க ஆத்தா." தலைக்கு மேல் ஒரு கும்பிடு. வேலாத்தாள் நிம்மதியாகப் போவார்.

ஒரு காலையில் அதே கேள்விகள், அதே பதில்கள். நாச்சிமுத்து கும்பிட்டார். கை நெஞ்சோடு நின்றுவிட்டது.

வேலாத்தாள் அந்தக் கையையே பார்த்தார். பிறகு முந்தானையைக் கிழித்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு குடிசைக்கு நடந்தார்.

"வராதீங்க ஆத்தா!"

"பொய் சொன்னீங்களேங்ணா."

"சொன்னா வந்துருவீங்களே. அதுக்குத்தானுங்க."

"இருமல் இருக்குதா? சளியில ரத்தம்?"

"அதெல்லாம் இல்லீங்க."

"இருமல் வந்தா மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்குங்க. கையக் காட்டுங்க."

இடது அக்குளில் கோழிமுட்டை அளவுக்குக் கட்டி. உடம்பு அனலாகக் கொதித்தது. வேலாத்தாள் கட்டியைக் கீறவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டார். தண்ணீரும் கஞ்சியும் மடக்கு மடக்காக ஊற்றினார். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து வெந்நீரில் கையைத் தேய்த்துக் கழுவினார். வேறு யாரையும் கிட்டே விடவில்லை.

காய்ச்சல் ஏறியபோது நாச்சிமுத்து பிதற்றினார். எப்போதோ செத்துப்போன தன் மயிலைக்காளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். காளைக்குப் பதிலாக வேலாத்தாள்தான் "ம்" கொட்டினார். கொட்டிக்கொண்டே அழுதார்.

கட்டி தானாக உடைந்தது. வடிந்ததையெல்லாம் துணியோடு எரித்தார். காய்ச்சல் இறங்கியது. இந்த நோயில் போனவர்கள்தான் அதிகம். நாச்சிமுத்து எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

எழுந்து உட்கார முடிந்த அன்று, முகத்தில் துணியோடு கிண்ணத்தை ஏந்தி நின்ற குருவை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்களுக்குப் பயமே இல்லீங்களா ஆத்தா?"

"இல்லாம என்ன? அதுக்குத்தான் இந்தத் துணி."

"அப்புறம் எதுக்குங்க உள்ள வந்தீங்க?"

வேலாத்தாள் கிண்ணத்தை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"கையத் தூக்க முடியாத ஆளு, கஞ்சிய எப்படிங்ணா குடிப்பீங்க?"